அந்த ரிக்கெற்றை விற்றுவிடாதே, பிள்ளை

கொக்குவில்,
ஒக்ரோபர் கடைசி, 2025

அன்புள்ள மகளுக்கு,

உன்னுடைய வொய்ஸ் மெசேஜ் கிடைத்தது. லண்டனில் நடக்கப்போகிற றேடியோஹெட் பாண்டின் கச்சேரிக்கு எடுத்த ரிக்கெற் இரண்டையும் யாருக்காவது கொடுத்துவிடப் போகிறாயாம். நவம்பர் 24ஆம் திகதி திங்கட்கிழமை, விடிந்தால் வேலை, சின்னவனைப் பார்க்க ஆளில்லை, "இனி எனக்கு ஏனப்பா உதெல்லாம்" என்று முடித்திருக்கிறாய். கடையில் ஆட்கள் நின்றதால் அப்போது பதில் போடவில்லை. வட்ஸ்அப்பில் சொன்னால் நீ பெருவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். அதனால் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

உனக்கு வயது முப்பத்திரண்டு. அந்த மேடையில் ஏறப்போகிற ஐந்து பேரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். பாடகர் தொம் யோர்க்குக்கு 57. 1985இல் இங்கிலாந்தில் அபிங்டன் என்ற ஊரில், பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது தொடங்கிய பாண்ட். வெள்ளிக்கிழமைகளில் பழகியதால் முதலில் 'ஒன் எ ஃப்ரைடே' என்று பேர் வைத்திருந்தார்கள். பேர் மாறியது, ஆட்கள் மாறவில்லை. நாற்பது வருடமாக அதே ஐந்து பேர். எங்கள் சனசமூக நிலையத்து நிர்வாகசபை இரண்டு வருடம் சண்டையில்லாமல் இருந்ததை நான் காணவில்லை.

2018க்குப் பிறகு அவர்கள் சேர்ந்து மேடை ஏறவில்லை. இப்போது ஐந்து நகரம், நகரத்துக்கு நாலு இரவு, மொத்தம் இருபது கச்சேரி. மட்ரிட்டில் நவம்பர் 4ஆம் திகதி தொடங்குகிறார்கள். அந்த இருபதில் ஒன்றுக்குத்தான் நீ செப்ரெம்பரில் பேரைப் பதிந்து, கோட் வரும்வரை காத்திருந்து ரிக்கெற் எடுத்தாய். எடுத்த அன்று நீ போனில் கத்தின கத்து அம்மாவுக்கும் கேட்டது. அதற்குள் என்ன நடந்தது?

நீ சின்னவனுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த இந்த இரண்டு வருடத்தில் இசைப்பக்கம் நிறைய நடந்திருக்கிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். எனக்குச் சுருக்கம் வராது என்பது உனக்குத் தெரியும்.

போன வருடம் நவம்பர் 1ஆம் திகதி த கியூர் என்ற பாண்டின் புது அல்பம் வந்தது. 'சோங்ஸ் ஒஃப் எ லொஸ்ட் வேர்ல்ட்'. முந்தியதுக்கும் இதுக்கும் இடையில் 16 வருடம். எட்டே பாட்டு. அன்றிரவே லண்டனில், கொமர்ஷல் றோட்டில் இருக்கிற ட்ரொக்ஸி மண்டபத்தில் கச்சேரி வைத்து யூரியூப்பில் இலவசமாக நேரடியாகக் காட்டினார்கள். நீ ஈஸ்ற்ஹாமில் 115ஆம் நம்பர் பஸ் ஏறினால் போய்ச் சேர்கிற இடம். எனக்கோ நடுச்சாமம் தாண்டிவிட்டது. வெளியில் நல்ல மழை, கையில் போன், பக்கத்தில் தீபாவளிக்குச் சுட்டு மிஞ்சின முறுக்கு. மூன்று மணித்தியாலத்துக்குக் கிட்ட வாசித்தார்கள். புது அல்பத்தை ஒரு பாட்டும் விடாமல் முதலில் வாசித்து முடித்துவிட்டுத்தான் பழையதுக்குப் போனார்கள். அந்தத் துணிவு எனக்குப் பிடித்தது. கூட்டம் கேட்டு வந்த பழைய பாட்டைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, இதை முதலில் கேளுங்கோ என்று நிற்கிறார் 65 வயது மனுசன்.

முதல் பாட்டில் அந்தப் பாடகர் றொபேட் சிமித் வாய் திறக்க மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகிறது. அதுவரை கிற்றாரும் கீபோட்டும்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 1989இல் லண்டன் மாமா ஒரு ஆளிடம் கொடுத்துவிட்ட கசற் அவர்களுடைய 'டிசின்ரெகிறேஷன்'. அடுத்த வருடம் ஆனியோடு கரண்ட் போய்விட்டது, பற்றறிக்கும் தடை. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவைப் பின் ரயரில் அமத்திவிட்டு, அதிலிருந்து இரண்டு வயரை றேடியோவின் பற்றறிப் பெட்டிக்குள் கொழுவி, பெடலைக் கையால் சுற்றிச் சுற்றிக் கேட்டோம். உன் சித்தப்பாவும் நானும் முறை வைத்துச் சுற்றுவோம். இளையராஜா என்றால் பல்லவி உடனே வந்துவிடும். கியூர் அப்படியில்லை. அந்தக் கசற்றிலும் முதல் பாட்டில் அவர் பாடத் தொடங்க இரண்டு நிமிடத்துக்கு மேல். அதற்குள் கை உளைஞ்சு வேகம் குறைந்துவிடும், அவர் வாய் திறக்கிற நேரம் குரல் இழுபட்டுக் கரகரத்து வரும். கரண்ட் வந்த பிறகு ஒழுங்கான வேகத்தில் கேட்டபோது, இவருக்கு இவ்வளவு மெல்லிய குரலா என்று யோசித்தேன். என் கணக்கில் அந்த அல்பம் இன்றைக்கும் கொஞ்சம் மெதுவாக ஓடவேண்டியது.

புது அல்பத்தில் ஒரு பாட்டு அவருடைய அண்ணன் இறந்ததைப் பற்றியது. அதைப் பற்றி நான் எழுதமாட்டேன், நீயே கேள். இந்த ஆள்தான் 2023இல் ரிக்கெற் விலைக்கு மேல் போட்ட சேவைக் கட்டணத்தைக் கண்டு கொதித்தெழுந்து, கம்பனியோடு மல்லுக்கட்டி, வாங்கினவர்களுக்கு ரிக்கெற்றுக்கு 5, 10 டொலர் திருப்பிக் கொடுக்க வைத்தவர். பாடகர் என்றால் பாடினால் மட்டும் போதாது போலிருக்கிறது.

இந்த வருடம் ஜூன் 6ஆம் திகதி பல்ப் என்ற பாண்டின் அல்பம் வந்தது. அதன் பேர் 'மோர்'. இவர்களுக்கு இடைவெளி 24 வருடம். மூன்று கிழமையில் பதிவு செய்து முடித்தார்களாம். பேஸ் வாசித்த ஸ்ரீவ் மக்கி 2023இல் போய்ச் சேர்ந்துவிட்டார், அவருக்குத்தான் அல்பம் காணிக்கை. அந்த மாதக் கடைசியில் கிளாஸ்ரன்பரி விழா நிரலில் 'பட்ச்வேர்க்' என்று கேள்விப்படாத ஒரு பேர். நேரம் வந்தபோது மேடைக்கு வந்தது பல்ப்பின் பாடகர் ஜார்விஸ் கொக்கர். 1995இல் அதே விழாவில் பேர் எடுத்த பாண்ட், முப்பது வருடம் கழித்து வேறு பேரில் ஒளித்து வருகிறது. அல்பத்தின் பின்பாதி கொஞ்சம் இழுவை என்பது என் அபிப்பிராயம். பரவாயில்லை, முன்பாதிக்காக மன்னிக்கலாம்.

ஸ்ரீரியோலாப்பும் 15 வருடத்துக்குப் பிறகு மே மாதம் ஒன்று போட்டார்கள். பிக் தீஃப் பேஸ் வாசித்தவரை விட்டுவிட்டு மூன்று பேராகி, செப்ரெம்பரில் 'டபிள் இன்ஃபினிற்றி' கொண்டுவந்தார்கள். இரண்டும் நல்லது, சமைக்கும்போது போட்டுவிடு.

லோ என்ற பாண்டைச் சமைக்கும்போது போடாதே. லோ ஞாபகம் இருக்குதா? நீ ஏ.எல். படிக்கும்போது இரவில் போட்டால், "அப்பா, நித்திரை வருது, நிப்பாட்டுங்கோ" என்பாய். அமெரிக்காவில் டுலூத் என்ற குளிர்ப் பட்டணத்து ஆட்கள். அலன் ஸ்பார்ஹோக் கிற்றார், மனைவி மிமி பார்க்கர் ட்ரம்ஸ். ட்ரம்ஸ் என்றாலும் சுற்றிவர அடுக்கிவைத்த பெரிய செற் இல்லை. நின்றபடி ஒன்றிரண்டு ட்ரம்மும் ஒரு சிம்பலும் மட்டும், அதையும் அனேகமாக பிரஷ்ஷால்தான் தட்டுவார். தட்சணாமூர்த்தியின் தவிலைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிற ஊரில் இருந்துகொண்டு சொல்கிறேன், ஒரே ஒரு அடியைப் போட்டுவிட்டு அடுத்ததுக்குக் காத்திருக்கிறதும் வித்தைதான். இணுவில் பக்கத்துப் பெரியவர்கள் யாரும் இதை வாசித்தால் என்னோடு கதைக்கமாட்டார்கள்.

மிமி 2022 நவம்பர் 5ஆம் திகதி புற்றுநோயால் இறந்தார். லோ அதோடு முடிந்தது. ஸ்பார்ஹோக் இரண்டு வருடம் கழித்து ஒரு தனி அல்பம் போட்டார். அதில் தன் குரலை ஒரு மெஷினுக்குள் விட்டுத் திரித்திருந்தார், ஆளையே அடையாளம் தெரியவில்லை. நான் இரண்டு பாட்டோடு நிற்பாட்டிவிட்டேன். இந்த வருடம் மே கடைசியில் இன்னொன்று வந்தது. அதே ஊர்க்காரரான 'ட்ராம்பிள்ட் பை ரேர்ட்டில்ஸ்' என்ற குழுவோடு சேர்ந்து, பான்ஜோ, ஃபிடில், மண்டலின் எல்லாம் வைத்து, தன் சொந்தக் குரலில் பாடியிருக்கிறார். 'நொட் புறோக்கன்' என்ற பாட்டில் அவருடைய மகள் கூடச் சேர்ந்து பாடுகிறா. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக மனைவியின் குரல் வந்து சேர்ந்த இடத்தில் மகளின் குரல் வருகிறது. கடையில் ஒரு பெடியனுக்கு பாஸ் பேப்பர் போட்டோக்கொப்பி அடித்துக்கொண்டிருந்தேன். மெஷினை நிற்பாட்டிவிட்டுப் பாட்டு முடியும்வரை கேட்டேன். பெடியன் ஒன்றும் சொல்லாமல் நின்றான்.

அவன் கம்பஸில் படிக்கிற பெடியன். நல்லாகக் கிற்றார் வாசிப்பானாம். காசைக் கொடுத்துவிட்டு, "அங்கிள், கீஸ் கேட்டனீங்களா?" என்றான். நான் கேட்கவில்லை. முப்பத்தைந்து வருடமாக நான்தான் மற்ற ஆட்களுக்குச் சொல்லிக் கொடுத்து வந்திருக்கிறேன், கொஞ்சம் சுட்டது. வீட்டுக்கு வந்து போட்டேன். நியூயோர்க்கில், புறூக்ளினில், பள்ளிக்கூடக் கூட்டாளிகளாகத் தொடங்கிய பெடியள். இப்போதும் இருபதுகளின் தொடக்கம்தான். 'கெற்றிங் கில்ட்' என்ற இந்த அல்பத்தைப் பத்து நாளில் பதிவு செய்திருக்கிறார்கள், செப்ரெம்பர் 26ஆம் திகதி வந்தது. முதல் பாட்டிலேயே பாடகன் அடித்தொண்டையில் கத்துகிறான். அம்மா குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்து, "என்னப்பா கத்துறான் உவன்?" என்றா. காருக்குள் குண்டு இருக்குதாம் என்றேன். "உதைப் பாட்டிலயும் கேக்கவேணுமே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டா. எனக்கும் அந்தப் பாட்டு முதல் தரம் தூக்கித்தான் போட்டது. ஆனால் மிச்சம் அருமை. தாளம் ஒரு பக்கம் போக, பாட்டு வேறொரு பக்கம் போய், கடைசியில் எங்கேயோ சந்திக்கிறது. பெடியனுக்கு பத்துப் பக்கம் இலவசமாக அடித்துக் கொடுத்தேன்.

இன்னொரு செய்தி. ஸ்பொட்டிஃபையை விட்டு டியர்ஹூஃப், கிங் கிஸ்ஸாட் போன்ற பாண்ட்கள் இந்தக் கோடையில் தங்கள் பாட்டுகளை எடுத்துவிட்டார்கள். அதன் நிறுவனர் டானியல் எக்கின் நிதியம், ஹெல்சிங் என்ற ஜேர்மன் இராணுவத் தொழில்நுட்பக் கம்பனியில் 600 மில்லியன் யூரோ முதலீட்டுக்குத் தலைமை தாங்கியதுதான் காரணம். அந்தக் கம்பனி ட்ரோனும் செய்கிறது. போர்க்காலத்தில் வன்னியில் சனம் 'வண்டு' என்று சொன்ன ஆளில்லா வேவு விமானம் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்த நாட்களை உன் பெரியம்மாவிடம் கேட்டால் சொல்லுவா. யார் எதில் பாட்டுக் கேட்கிறார்கள் என்பது அவரவர் விருப்பம். நான் இப்போது முடிந்தவரை பாட்டு விற்கிற பாண்ட்காம்ப் இணையத்தளத்தில் வாங்குகிறேன். பாட்டுக்குப் போகிற காசில் 15 வீதத்தை அவர்கள் எடுத்துக்கொண்டு, காசு அனுப்புகிற கட்டணமும் போக மிச்சத்தைப் பாண்டுக்குக் கொடுக்கிறார்கள். சில வெள்ளிக்கிழமைகளில் அந்த 15ஐயும் எடுப்பதில்லை. அடுத்தது டிசம்பர் 5. அமெரிக்காவின் மேற்குக் கரை நேரத்துக்குக் கணக்கு, அதனால் உனக்கு வெள்ளி காலை எட்டு மணியிலிருந்து சனி காலை எட்டு மணிவரை. ஸ்பார்ஹோக்கின் அல்பத்தை அன்றைக்கு என் பேரில் வாங்கு. வழக்கமாக அனுப்புகிற காசில் கழித்துக்கொள்.

காசு என்றதும் ஒரு பழைய கடன் ஞாபகம் வருகிறது. 2007 ஒக்ரோபரில் றேடியோஹெட் 'இன் றெயின்போஸ்' அல்பத்தை இணையத்தில் போட்டு, விலையை நீங்களே போடுங்கோ என்றார்கள். உனக்கு அப்போது பதினாலு வயது. யாழ்ப்பாணத்துக்கு வருகிற ஏ9 பாதை சண்டையால் பூட்டிக் கிடந்தது, சீனி வாங்கவும் வரிசை. ரவுணில் ஒரு இன்டர்நெற் கடையில் இருந்து 48 எம்பி இறக்கினேன். நடுவில் அறுந்து, திரும்பத் தொடங்கி, ஊரடங்கு நேரத்துக்கு முன்னம் வீட்டுக்கு வரவேண்டும் என்று ஒரு கண் மணிக்கூட்டிலேயே. விலைப் பெட்டியில் சுழியம் போட்டேன். என்னிடம் கார்ட் ஏது? ஆனால் அந்தச் சுழியம் பதினெட்டு வருடமாக என் பேரில் நிற்கிறது. நீ போய் உட்கார்ந்தால் கணக்கு நேராகும் என்று வைத்துக்கொள்வோம்.

வழி உனக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் நான் படத்தைப் பார்த்து வைத்திருக்கிறேன். டிஸ்ரிக்ட் லைனில் வெஸ்ற்ஹாமில் இறங்கி, ஜூபிலி லைனில் இரண்டாவது ஸ்ரேசன். காதுக்கு அடைப்பான் வாங்கிக்கொண்டு போ, இந்த வயதில் என் வலது காது சொல்லுகிற பாடம் போதும். போனில் படம் பிடித்துக்கொண்டே நிற்காதே. எனக்கு ஒரே ஒரு பாட்டை அனுப்பினால் போதும், அதையும் நீயே தெரிவு செய். மருமகனுக்கு ரஹ்மானை விட்டால் வேறு ஆளில்லை என்று தெரியும், வற்புறுத்தாதே. மற்ற ரிக்கெற்றை உன் வேலைக்கூட்டாளிக்குக் கொடு, அந்தப் பிள்ளைதான் முந்தி ஸ்லோடைவ் கேட்கிறது என்று சொன்னாயே.

சின்னவன் விசயம் முடிந்துவிட்டது. இல்ஃபோட் பெரியம்மாவோடு நேற்றுக் கதைத்தேன். திங்கட்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்து, இரவு உங்களோடேயே தங்குவதாகச் சொல்லிவிட்டா. அவவுக்கு முழங்கால் நோ, மேல்மாடியில் படுக்க விடாதே. நீயும் ஒருக்கால் அவவுக்குப் போன் எடுத்துச் சொல்லு, நான் சொன்னது மட்டும் மரியாதையாக இராது.

அன்புடன்,
அப்பா