பொரியல் ஒரு கரண்டி போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் இணைப்பிதழில், வேலைக்குக் கொண்டுபோகும் மாவுச்சத்து குறைந்த மதிய உணவு பற்றி ஒரு முழுப் பக்கம் வந்திருந்தது. ஆவலோடு படிக்க ஆரம்பித்தேன், ஏனென்றால் மூன்று வருடமாகத் தினமும் காலையில் நான் செய்துகொண்டிருக்கும் வேலையே அதுதான். படித்து முடித்ததும் வருத்தமாகிவிட்டது. அவகாடோ, ப்ரோக்கோலி, பாதாம் மாவு ரொட்டி, ஆலிவ் எண்ணெய், சியா விதை. மாதக் கடைசியில் இதையெல்லாம் யார் வாங்குவது? சர்க்கரை உள்ள ஒருவர் அதைப் படித்திருந்தால், இது நமக்கு ஆகாத காரியம் என்று பக்கத்தைத் திருப்பிவிட்டு, மறுநாள் வழக்கம்போல டப்பா நிறையப் புளிசாதத்தைக் கட்டிக்கொண்டு போயிருப்பார். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் ஆவடியில் இருக்கிறேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. வயது 49, சர்க்கரை வந்து ஆறு வருடம் ஆகிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் எடுத்த ரத்தப் பரிசோதனையில் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 8.9 சதவீதம் என்று வந்தது. டாக்டர் மாத்திரையைக் கூட்டிவிட்டு, "சோற்றைக் குறையுங்கள்" என்றார். அதையே என் அண்ணியும் சொன்னார், பக்கத்து வீட்டு அக்காவும் சொன்னார், ரயிலில் கூட வருகிறவர்களும் சொன்னார்கள். சோற்றைக் குறைத்தால் டப்பாவில் காலியாகிற இடத்தில் எதை வைப்பது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகள் கேக் செய்ய வாங்கி வைத்திருந்த சின்னத் தராசில் என் டப்பா சோற்றை வைத்துப் பார்த்தேன். 390 கிராம். கரண்டியின் பின்பக்கத்தால் அழுத்தி அழுத்தி வைத்த சோறு. வெந்த சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது, அப்படியானால் சோற்றில் மட்டுமே 110 கிராமுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. அதற்கு மேல் உருளைக்கிழங்கு வறுவல், ஒரு அப்பளம். மேல் அடுக்கில் இருந்த கோஸ் பொரியலையும் நிறுத்தேன், 55 கிராம்தான். எனக்கு அதிர்ச்சியாக இருந்தது, ஆனால் யோசித்தபோது காரணம் தெரிந்தது. காலையில் முதலில் கணவருக்குக் கட்டுகிறேன், அடுத்து மகளுக்கு, கடைசியில் எனக்கு. என் டப்பாவுக்கு வரும்போது பொரியல் வாணலியில் ஒட்டிக்கொண்டிருப்பது மட்டும்தான் இருக்கும், குக்கரிலோ சோறு நிறைய மிஞ்சியிருக்கும், வீணாக்க மனசு வராது. வீட்டில் சர்க்கரை இருப்பது எனக்கு, அதிகச் சோறு கட்டியதும் எனக்குத்தான். வேலைக்குப் போகிற எத்தனையோ பெண்களின் டப்பா இன்றைக்கும் இப்படித்தான் நிரம்புகிறது என்று கூசாமல் சொல்வேன், எங்கள் சாப்பாட்டு மேசையில் தினமும் பார்க்கிறேன்.

அதன் பிறகு அடுக்கை மாற்றிவிட்டேன். பெரிய அடுக்கில் பொரியலும் கூட்டும், சின்ன அடுக்கில் சோறு. பொரியல் 200 கிராமுக்குக் குறையாமல், சோறு 100 கிராமுக்குள், அதோடு இரண்டு முட்டையோ வேறு ஏதாவது புரதமோ. என் டப்பாவைத்தான் முதலில் கட்டுகிறேன். பொரியல் போதவில்லை என்றால் மற்ற இருவர் டப்பாவில் சோறு கூடட்டும், அவர்களுக்குச் சர்க்கரை இல்லை. இதில் புதிதாக ஒரு பொருள்கூட வாங்கவில்லை, காய் மட்டும் வாரத்துக்கு இரண்டு கிலோ கூடுதலாக வாங்குகிறோம். இரவில் சீரியல் ஓடும்போது கணவர் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கித் தருகிறார். அது இல்லாமல் காலையில் இவ்வளவு காயை நறுக்கி, ஏழு மணி ரயிலைப் பிடிக்க முடியாது. காய் நறுக்க ஆள் இல்லாத வீட்டில் இந்த உணவுமுறை பத்து நாள் தாங்காது என்பதையும் உங்கள் கட்டுரையாளர் யோசித்திருக்க வேண்டும்.

இதற்கு முன்னால் நான் ஒரு தப்பு செய்தேன், அதை எல்லோருக்கும் சொல்லியாக வேண்டும். முதல் வாரம் ஆர்வத்தில் சோற்றை அடியோடு விட்டுவிட்டு, வெள்ளரிக்காயும் வெண்டைக்காயும் மட்டும் கொண்டுபோனேன். மூன்றாவது நாள் மதியம் மூன்றரை மணிக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. நெற்றியெல்லாம் வியர்வை, கம்ப்யூட்டரில் எண்கள் அலைபாய்கின்றன, பக்கத்து இருக்கைத் தங்கை கேட்டதற்கு வாய் குழறுகிறது. அவள்தான் முதலுதவி அறைக்கு அழைத்துப் போனாள். விரலைக் குத்திப் பார்த்தால் சர்க்கரை வெறும் 58, மிகவும் குறைவு. ஒரு டம்ளர் தண்ணீரில் மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் குடிக்க வைத்து, பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பப் பார்த்தபோது 84க்கு வந்திருந்தது. நான் கிளிமிபிரைடு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சாப்பாட்டில் மாவுச்சத்து வந்தாலும் வராவிட்டாலும் அந்த மாத்திரை சர்க்கரையை இறக்கிக்கொண்டுதான் இருக்கும். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் அதே ஆபத்துதான். சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் டாபாகிளிஃப்லோசின் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறி ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நிலைகூட வரலாம். சிறுநீரகத்தில் பிரச்சினை இருப்பவர்கள் இஷ்டத்துக்குப் புரதத்தைக் கூட்டவும் கூடாது. முதலில் டாக்டரிடம் போய், "மதியச் சோற்றைக் கால்வாசியாக்கப் போகிறேன், மாத்திரையை என்ன செய்வது?" என்று கேட்க வேண்டும். நான் அப்புறம்தான் கேட்டேன், அவர் அளவைப் பாதியாக்கினார். உங்கள் முழுப் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவகாடோவைக்கூட விட்டுவிடலாம், இதை விட முடியாது.

சரி, டப்பாவுக்கு வருகிறேன். பொரியலுக்குக் கோஸ், பீன்ஸ், அவரை, கொத்தவரை, புடலை, வெண்டை, கீரை என்று மாறி மாறி வரும். மதியம் ஒரு மணிக்குத் திறக்கும் டப்பாவில் நீர் விடுகிற காய் சரிப்படாது. சுரைக்காயும் பூசணியும் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சாப்பிட்டுக்கொள்ளலாம். சித்திரை, வைகாசியில் தேங்காய்த் துருவல் போட்டால் மதியத்துக்குள் ஒரு மாதிரி வாடை வந்துவிடுகிறது. அதனால் வெயில் காலம் முழுக்க வறுத்த வேர்க்கடலையைக் காய்ந்த மிளகாய், பூண்டு, உப்போடு பொடித்துக் கடைசியில் தூவுகிறேன். கொத்தவரங்காய்க்கு அந்தப் பொடி அவ்வளவு பொருத்தமாக இருக்கும், புரதமும் கொஞ்சம் கூடும். இன்னொன்று, பொரியலைச் சூட்டோடு மூடக் கூடாது. தட்டில் பரப்பி ஐந்து நிமிடம் ஆறவிட்டுக் கட்டினால் மூடியில் வேர்த்து நீர் கோக்காது.

புரதத்துக்கு முட்டைதான் மலிவு. ஏழு ரூபாய் கொடுத்தால் 6 கிராம் புரதம். இரண்டு முட்டையை வெங்காயம், மிளகு போட்டுப் பொடிமாஸ் செய்தால் பொரியலோடு கலந்தே சாப்பிட்டுவிடலாம், சோற்றின் ஞாபகமே வராது. சைவக்காரர்களுக்குப் பனீர் விலை கட்டுப்படியாகாது என்றால் மீல் மேக்கர் இருக்கிறது. காய்ந்த நிலையில் பாதிக்குப் பாதி புரதம், 30 கிராம் ஊறவைத்தால் ஒரு கிண்ணம் வரும், பிழிந்துவிட்டு மிளகுப் பொடியில் சுருள வதக்கினால் நன்றாக இருக்கும். கொண்டைக்கடலைச் சுண்டல் நல்லதுதான், ஆனால் அதிலும் வெந்த நிலையில் 100 கிராமுக்கு 27 கிராம் மாவுச்சத்து இருப்பதால் சுண்டல் வைக்கிற நாளில் நான் சோறு வைப்பதில்லை.

எண்ணெயைக் கண்டு பயப்பட வேண்டாம் என்றும் சொல்வேன். சோற்றையும் குறைத்து எண்ணெயையும் குறைத்தால் நான்கு மணிக்குப் பசி வயிற்றைப் பிடுங்கும், கேட்டுக்கு வெளியே பஜ்ஜிக் கடை இருக்கிறது, இரண்டு பஜ்ஜி, சர்க்கரை போட்ட ஒரு டீ, அவ்வளவுதான், காலையில் பட்ட பாடெல்லாம் வீண். பொரியலில் இன்னொரு ஸ்பூன் நல்லெண்ணெய் விடுவதும், பையில் ஒரு கைப்பிடி வறுத்த கடலை வைத்துக்கொள்வதும் அந்த நான்கு மணியைத் தாண்டுவதற்காக.

சிறுதானியம் பற்றியும் ஒரு வார்த்தை. சோற்றுக்குப் பதில் தினை சாதம், சாமை சாதம் கட்டினால் மாவுச்சத்து குறைந்துவிடும் என்று எங்கள் ஆபீஸில் பாதிப் பேர் நம்புகிறார்கள். நார்ச்சத்து கூடுதல், உண்மைதான். ஆனால் கேழ்வரகோ தினையோ சாமையோ எதை எடுத்தாலும் சமைக்காத 100 கிராமில் 60 கிராமுக்கு மேல் மாவுச்சத்துதான். டப்பா நிறையத் தினை கட்டினால் அதுவும் டப்பா நிறைய மாவுச்சத்துதான். சப்பாத்திக்கும் இதே கணக்குதான்.

இது ஏதோ என் வீட்டுச் சமாச்சாரம் என்று நினைத்துவிட வேண்டாம். 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10.1 கோடிப் பேர். அதே ஆய்வு வரிசையில் 2025இல் வந்த கட்டுரை, நாம் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்கிறது. தெற்கில் அது பெரும்பாலும் வெள்ளை அரிசி. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் தானியத்திலிருந்து வரும் கலோரி 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்று இருக்கிறது. ஆனால் ரேஷனில் அரிசி இலவசம், காய்க்குக் காசு கொடுக்க வேண்டும். வருமானம் குறைந்த வீட்டில் டப்பாவில் எது கூடும் என்பதை இதுதான் முடிவு செய்கிறது. அந்தக் குடும்பத்திடம் போய் ஆலிவ் எண்ணெயைச் சொல்லலாமா?

இனி கேண்டீன். எங்கள் கம்பெனியில் டப்பா கட்டாதவர்கள் கேண்டீனில்தான் சாப்பிடுகிறார்கள். அங்கே சோறு எத்தனை முறை கேட்டாலும் போடுவார்கள், பொரியல் மட்டும் ஒரே ஒரு கரண்டி, இரண்டாவது முறை தட்டை நீட்டினால் பரிமாறுகிறவர் சங்கடத்தோடு தலையை ஆட்டுவார். அவர் மேல் தப்பில்லை, ஒப்பந்தமே அப்படி. கேண்டீன் நடத்துகிறவரிடம் பேசிப் பார்த்தேன். அரிசி மலிவு, அண்டாவில் கொட்டினால் வெந்துவிடும், காய் விலையும் அதிகம், நறுக்க இரண்டு பேர் கூடுதலாக வேண்டும் என்றார், நியாயமான பதில்தான். இயந்திரத்தில் நின்று வேலை செய்கிற பையன்களுக்குச் சோறு வேண்டும், அதை நான் குறைக்கச் சொல்லவில்லை. நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்கிறவர்களும் சர்க்கரை உள்ளவர்களும் கேட்டால், அரைத் தட்டுச் சோறு, மூன்று கரண்டி பொரியல், ஒரு முட்டை என்று ஒரு டோக்கன் இருக்கட்டும், ஐந்து பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொள்ளட்டும். பள்ளிச் சத்துணவில் பிள்ளைகளுக்கு வாரம் 5 முட்டை கொடுக்கிற ஊர் இது. கம்பெனி கேண்டீனில் ஒரு முட்டை வைப்பது எப்படி முடியாத காரியமாகும்? 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கேண்டீன் வேண்டும் என்று எழுதி வைத்தது. அந்தத் தட்டில் எது எவ்வளவு இருக்க வேண்டும் என்று பேசுவதற்கு இவ்வளவு வருடம் கழித்தாவது நேரம் வந்திருக்க வேண்டும்.

மேசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சில ஆபீஸ்களில் முட்டை டப்பாவைத் திறந்தாலே முகம் சுளிக்கிறார்கள், தனி மேசைக்குப் போகச் சொல்கிறார்கள். நான் முன்பு வேலை செய்த இடத்தில் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். மாத்திரை மாதிரி அளந்து கொண்டுவருகிற சாப்பாட்டை ஒருவர் ஒளித்துச் சாப்பிட வேண்டியிருந்தால் எத்தனை நாளைக்குக் கொண்டுவருவார்? பக்கத்தில் இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பெரிய மனதோடு பார்க்க வேண்டும். பகிர்ந்து சாப்பிடுவதை நான் விடவில்லை, அதை விட்டால் மதிய வேளையே வெறிச்சென்று ஆகிவிடும். எலுமிச்சை சாதம் நீட்டினால் ஒரு ஸ்பூன் வாங்கிக்கொள்கிறேன், என் கொத்தவரங்காயில் பாதி அவர்களுக்குப் போகிறது. இப்போது எங்கள் மேசையில் நான்கு பேர் அடுக்கை மாற்றிவிட்டார்கள்.

இந்த டப்பாவோடு சாயங்கால நடையும் சேர்ந்து, ஒன்றேகால் வருடத்தில் என் மூன்று மாதச் சராசரி 7.1க்கு வந்தது. எல்லோருக்கும் இப்படியே வரும் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை.

அந்தப் பக்கத்தை நீங்கள் திரும்ப ஒரு முறை போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நம் ஊர்க் காய்களை வைத்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை கிராம், எத்தனை ரூபாய் என்று போட்டு, மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கான எச்சரிக்கையை ஒரு சர்க்கரை நோய் மருத்துவரிடம் எழுதி வாங்கி, அதைப் பக்கத்தின் மேலேயே பெரிய எழுத்தில் போடுங்கள். போன கார்த்திகை மாதம் முழுக்க நான் டப்பாவில் என்ன கட்டினேன், எவ்வளவு நிறுத்தேன், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை எவ்வளவு இருந்தது, காய்க்கு எவ்வளவு செலவானது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். நகல் எடுத்து இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். 14ஆம் தேதிப் பக்கத்தில் மட்டும் ரசம் கொட்டி எண் அழிந்துவிட்டது, அது 152.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஆவடி.