மாலை கழற்றிய மறுநாள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கார்த்திகை பிறக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. குடிப்பழக்கம் உள்ளவர்களில் பலர் ஆண்டில் ஒருமுறை குடியை நிறுத்துவது இந்தப் பருவத்தில்தான். ஐயப்பனுக்கு மாலை போட்டு 41 நாள் ஒரு துளியும் தொடாதவர், மாலையைக் கழற்றிய அன்றே கடைக்குப் போனால், "எல்லாம் வேஷம்" என்று ஊர் சொல்லும். குடிநோயாளிகளோடு வேலை செய்யும் எங்களைப் போன்ற சமூகப் பணியாளர்களின் கணக்கு வேறு. 41 நாள் இருந்தவருக்குக் குடிக்காமல் இருக்கத் தெரிந்திருக்கிறது. 42ஆம் நாளுக்குத்தான் யாரும் ஏற்பாடு செய்து வைக்கவில்லை.

அதற்கு முன், மாலை போடும் நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். 180 மில்லி குவாட்டர் ஒன்றில் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. தினமும் அவ்வளவோ அதற்கு மேலோ குடிப்பவர், காலையில் கை நடுக்கம் நிற்க ஒரு கட்டிங் தேவைப்படுபவர், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர் ஆகியோர் மருத்துவரைப் பார்க்காமல் ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்து. கடைசியாகக் குடித்த ஆறேழு மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலர் குழம்பிப்போய், இல்லாத பூச்சியைத் தட்டுவார்கள், இல்லாத ஆளோடு பேசுவார்கள். இது உயிரைப் பறிக்கக்கூடிய நிலை. மாலை போட்ட வீட்டில் இதை அருள் என்றோ விரதத்தில் குறை என்றோ நினைத்து ஒரு நாளைக் கடத்திவிட்டால் நிலைமை கைமீறிவிடும். ஆண்டுதோறும் திடீரென நிறுத்தி, மறுபடி தொடங்குபவருக்கு ஒவ்வொரு முறையும் இந்த அவஸ்தை கடுமையாகக்கூடும். அதனால் "போன வருஷம் ஒண்ணும் ஆகலையே" என்பதை நம்ப முடியாது.

மாலை போடுவதற்குப் பத்து நாள் முன்பே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். சுமார் ஒரு வாரத்துக்குப் படிப்படியாகக் குறையும் அளவில் மாத்திரை தருவார்கள், வைட்டமின் பி1 ஊசியும் போடுவார்கள். குடித்துச் சோர்ந்தவருக்கு "ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க" என்று பக்கத்து கிளினிக்கில் கேட்பவர்கள் கவனிக்க வேண்டும்: பி1 போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், உடம்பில் மிச்சமிருக்கும் பி1-உம் தீர்ந்து மூளை பாதிக்கப்படலாம். மாத்திரை சாப்பிட்டால் விரதம் கெட்டுவிடும் என்று தயங்குபவரிடம் நாங்கள் வாதாடுவதில்லை. குருசாமியிடம் முன்கூட்டியே பேசி வைத்தால், அவர் ஒரு வார்த்தை சொன்னாலே போதும்.

பேசும் முறை இங்கே முக்கியம். "ஏன் குடிக்கிறீங்க?" என்று கேட்டால் காரணங்கள்தான் வரும். "குடியை விடணும்ங்கிற எண்ணத்துக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க, சாமி?" என்று கேட்டுப் பாருங்கள். மூன்று என்பார். "ஏன் மூணுதான்?" என்று கேட்டால் பழையபடி சாக்கு. "ஒண்ணு போடாம மூணு போட்டீங்களே, அது ஏன்?" என்று கேட்டால், மகள் தள்ளிப் போய்ப் படுப்பதை அவரே சொல்வார். பிள்ளை தலையில் அடித்து வாங்கும் சத்தியத்தைவிட இது நெடுநாள் நிற்கும்.

மாலை ஏன் வேலை செய்கிறது? விடியற்காலைக் குளியல், மாலையில் பூஜை, புதிய கூட்டாளிகள், நேரத்துக்குச் சாப்பாடு. கறுப்பு வேட்டியைப் பார்த்ததும் பழைய நண்பர்கள் கூப்பிடமாட்டார்கள். மனைவிகூட "சாமி" என்றுதான் அழைக்கிறார். மாலை இறங்கும் நாளில் இத்தனையும் ஒரே நேரத்தில் இறங்கிவிடுகின்றன. நாளும் மோசமாக வாய்க்கிறது. மண்டல பூஜை முடிந்து வருபவருக்கு ஐந்தாறு நாளில் டிசம்பர் 31, மகரஜோதி பார்த்து வருபவருக்கு நேராகப் பொங்கல்.

ஆகவே 30ஆம் நாள் வாக்கில் உட்கார்ந்து பேசுவோம். காலைக் குளியலையும் கோயிலையும் விட வேண்டாம். பஜனைக் கூட்டாளிகளில் இருவர் வாரம் இருமுறையாவது வந்து பார்க்க வேண்டும். மாலை ஐந்து மணிக்கு வயிறு நிறையச் சாப்பிட்டுவிட வேண்டும், பசியோடு கடையைத் தாண்டுவது கடினம். வேலையிலிருந்து வீட்டுக்கு வேறு வழி. சனிக்கிழமைக் கூலியை அவர் சம்மதத்தோடு வீட்டில் ஒருவர் வாங்கி வைப்பது. ஆசை எழுந்தால் அது பெரும்பாலும் அரை மணி நேரத்தில் தணியும். அதுவரை ஒரு டீ, யாருக்காவது ஒரு போன். இவற்றை அவரே தேர்ந்தெடுக்க வேண்டும். நாங்கள் எழுதிக் கொடுத்த பட்டியல் சட்டைப் பையிலேயே மடிந்து கிடக்கும்.

இடையில் ஒருநாள் சறுக்கினால் "எல்லாம் போச்சு" என்று வீடு அழக்கூடாது. எந்த இடம், எந்த நேரம், யாரோடு என்று மறுநாள் கேட்டால் போதும். ஆனால் 41 நாளில் உடம்பின் தாங்குதிறன் குறைந்திருக்கும், பழைய அளவை ஒரே மூச்சில் குடிப்பது ஆபத்து. இதை மாலை கழற்றும் முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

பொறுமையிழந்த குடும்பங்கள் செய்யும் இரண்டு தவறுகளையும் குறிப்பிட வேண்டும். குழம்பில் தெரியாமல் மருந்து கலப்பது ஒன்று. குடியை விடுவதற்கான டைசல்ஃபிராம் என்ற மாத்திரை உள்ளே போனது தெரியாமல் ஒருவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். கடைசி மாத்திரைக்குப் பின் இரண்டு வாரம்வரைகூட அந்த ஆபத்து உண்டு. வேனில் ஆள் வைத்துத் தூக்கிப்போய் 'மறுவாழ்வு மைய'த்தில் அடைப்பது இன்னொன்று. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் குடிநோயையும் உள்ளடக்கியது. அதில் சேர்க்கைக்கு முறை இருக்கிறது, கட்டிப்போட்டு இழுத்துச் செல்ல இடமில்லை.

சபரிமலை சிறப்பு ரயில் நேரங்களை நீங்கள் வெளியிடும்போது, அந்தப் பக்கத்தின் ஓரத்தில் போதை மீட்பு உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் 14416 இரண்டையும் போட வேண்டுகிறோம். டிசம்பர் கடைசி வாரத்தில் இன்னொரு முறை.

இப்படிக்கு,
மனநல சமூகப் பணியாளர்கள் சிலர்,
மதுரை