நான் பழைய இரும்பு வியாபாரி அல்ல

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு பத்திரிகையைத் திங்கட்கிழமை வாசிப்பவன் நான். கடையைத் திறந்து, ஊதுபத்தி கொளுத்தி, தேநீர் வரும்வரை இருக்கும் கால் மணி நேரத்தில்தான் எனக்குப் பத்திரிகை. அப்படித்தான் வீட்டு மின்சாதனங்களின் வரலாறு பற்றித் தாங்கள் வெளியிட்ட முழுப்பக்கக் கட்டுரையையும் வாசித்தேன். படங்கள் பெரியவை, ஆண்டுகள் ஏராளம், குறை சொல்வதற்கில்லை. கடைசிப் பத்திக்கு வந்தேன். "பழுதான சாதனங்களைத் திருத்தும் தொழில் இன்று வழக்கொழிந்துவிட்டது, வீசிவிட்டுப் புதிது வாங்குவதே சிக்கனம்" என்று இருந்தது.

அப்போது என் மேசையில் நான்கு மிக்சிகளும் இரண்டு ரைஸ் குக்கர்களும் ஒரு ஸ்திரிக்கைப் பெட்டியும் இருந்தன. கீழே, கால் வைக்க இடமில்லாமல், தோசை மாவு அரைக்கும் கிரைண்டர் ஒன்று. ஆகவே இதை வழக்கொழிந்த ஒருவன் எழுதும் கடிதமாகவே தாங்கள் எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பக்கத்தின் அடிப்பாதியில் "பழையதைத் தாருங்கள், புதியதைக் கொண்டு செல்லுங்கள்" என்று வண்ண விளம்பரம் ஒன்றும் இருந்தது. கட்டுரைக்கும் விளம்பரத்துக்கும் தொடர்பில்லை என்று நம்புகிறேன். ஐம்பது ஆண்டுகளாக வாங்குகிற பத்திரிகையல்லவா.

கட்டுரை சொன்ன வரலாற்றுக்கே வருகிறேன். வெற்றிடத் தூசு உறிஞ்சியைப் பற்றி எழுதியபோது பெரிய கம்பனியின் பெயர் வந்தது. அதைச் செய்த ஜேம்ஸ் ஸ்பாங்லரின் பெயர் வரவில்லை. அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்தின் காண்டன் நகரில், ஒரு கடையைக் கூட்டித் துடைக்கும் வேலை பார்த்தவர் அவர். தூசு நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாமல் இருமி இருமி, ஒரு மின்விசிறி மோட்டாரையும் தும்புத்தடியின் கம்பையும் தலையணை உறையையும் சேர்த்துக் கட்டி அந்த இயந்திரத்தைச் செய்தார். 1908 இல் காப்புரிமை பெற்றார். மோட்டாரை ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றில் பூட்டுவது யாருடைய வேலை என்று தங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மிக்சியையும் "மேலைநாட்டின் கொடை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். 1922 இல் ஸ்டீபன் போப்லாவ்ஸ்கி என்பவர் பாத்திரத்தின் அடியில் சுழலும் அலகை வைத்தது பால்பானம் கலக்குவதற்கு. அதில் செத்தல் மிளகாயையும் ஊறிய உழுந்தையும் போட்டால் என்ன ஆகும்? பம்பாயில் மாதுரி மாத்தூர் அம்மையார் வீட்டில் அதுதான் ஆனது. ஜெர்மனியிலிருந்து வந்த இயந்திரம் எரிந்துபோனது. அதைத் திருத்திக் கொடுக்க ஊரில் ஆள் இல்லை. பொறியியலாளரான கணவர் சத்யபிரகாஷ் மாத்தூரிடம், நீங்களே ஒன்று செய்து தாருங்கள் என்று அம்மையார் கேட்க, 1963 இல் சுமீத் மிக்சிக்கான கம்பனி பிறந்தது. இன்று வெள்ளவத்தையில் சம்பலுக்குச் சுழலும் மிக்சிகளெல்லாம் அந்த வழி வந்தவையே. திருத்த ஆளில்லாத குறையிலிருந்து பிறந்த பொருளின் வரலாற்றை எழுதிவிட்டு, திருத்துகிறவன் தேவையில்லை என்று முடிக்கிறார் தங்கள் கட்டுரையாளர்.

ரைஸ் குக்கரைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. 1955 இல் தோஷிபா விற்பனைக்கு விட்டது என்பது சரி. அதை உருவாக்கிய மினாமி யோஷிதாதாவின் மனைவி ஃபுமிகோ, இரவு பகலாகச் சோறு வடித்து வடித்து வெப்பத்தை அளந்து கொடுத்ததால்தான் அது உருப்பட்டது. வெளிப் பாத்திரத்தில் ஒரு கோப்பைத் தண்ணீர். அது ஆவியாகி முடிய ஏறத்தாழ 20 நிமிடம். தண்ணீர் தீர்ந்ததும் சூடு 100 பாகையைத் தாண்டும், ஈருலோகத் தகடு வளைந்து மின்சாரத்தை நிறுத்தும். இப்போது வருபவற்றில் தகட்டுக்குப் பதிலாகக் காந்தம். அந்தச் சூட்டில் அது பிடியை விட்டுவிடும். என்னிடம் வரும் குக்கர்களில் பாதிக்கு ஒரு நோயும் கிடையாது. பாத்திரத்துக்கும் தட்டுக்கும் இடையில் ஒரேயொரு சோற்றுப் பருக்கை கருகி ஒட்டியிருக்கும். பாத்திரம் ஒரு நூல் உயர்ந்து நிற்கும், காந்தத்துக்குச் சூடு சரியாகத் தெரியாது. நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, துணியால் துடைத்துக் கொடுத்து அனுப்புகிறேன். அதற்குக் காசு வாங்குவதில்லை. மிக்சி "செத்துவிட்டது" என்று அழாக்குறையாக வருபவர்களுக்கும் அப்படியே: கவிழ்த்து, அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் உயிர் வரும். பாரம் தாங்காமல் தன்னைத்தானே நிறுத்திக்கொண்ட மோட்டார், அவ்வளவுதான். வீசிவிட்டுப் புதிது வாங்குவது சிக்கனமாம்!

சென்ற மாதம் வந்த பிள்ளையின் மிக்சியை விற்பனை முகவர் மூன்று மாதம் வைத்திருந்துவிட்டு, உதிரிப்பாகம் இல்லை, புதிது எடுங்கள் என்று திருப்பிக் கொடுத்திருக்கிறார். உத்தரவாத அட்டை காலாவதியாகாமல் பத்திரமாக இருந்தது, மிக்சிதான் ஓடவில்லை. தேய்ந்திருந்தது மோட்டாரின் சுழற்சியை அலகுக்குக் கொடுக்கும், அடியிலுள்ள கப்ளர் மட்டும். கால் மணி நேர வேலை.

நான் 1974 இல், 17 வயதில், புறக்கோட்டையில் ஒரு முஸ்லிம் நானாவிடம் தொழில் பழகினேன். இறக்குமதி கட்டுப்பாடாக இருந்த காலம். செப்புக் கம்பி கிடைக்காது. எரிந்த மோட்டாரின் கம்பியைக் கழற்றி, நல்ல பகுதியை எண்ணி எண்ணிச் சுற்ற வேண்டும். எண்ணிக்கை தவறினால் தலையில் குட்டு விழும். 1977 இல் கதவைத் திறந்தார்கள், சாமான்கள் குவிந்தன, வெள்ளவத்தையில் தனிக்கடை போட்டேன். 1983 ஜூலையில் அது எரிந்தது. வாடிக்கையாளர்களின் பொருட்கள் பதினொன்று உள்ளே இருந்தன. தன் ஸ்திரிக்கைப் பெட்டியை எடுத்துப்போக வந்த ஒரு சிங்கள அம்மா, கடை இருந்த இடத்தைப் பார்த்து நின்றுவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார். மறுபடி தொடங்கினேன். 2018 இல் சதுர முள் பிளக்தான் இனி நாட்டின் தரம் என்றார்கள். இந்தியாவிலிருந்து குண்டு முள்ளோடு வந்த கிரைண்டர்களுக்கெல்லாம் பிளக் மாற்றிக் கொடுத்ததும் வழக்கொழிந்தவர்களே.

2022 ஐத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எரிவாயு இல்லை, மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்சாரமும் இல்லை. வரும்போதோ மின்னழுத்தம் எகிறி எல்லாவற்றையும் எரித்தது. மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் இறக்குமதி இல்லாதபடியால், பெரிய மோட்டார்களின் பிரஷை அரத்தால் ராவிச் சின்ன மிக்சிக்குப் பொருத்தினேன். விரல்கள் கறுத்துப்போய், சோறு பிசையவே கூச்சமாக இருந்தது. அந்த நாட்களில்தான் தங்கள் படப்பிடிப்பாளர் வந்து, கடை வாசலில் நின்ற வரிசையோடு என்னையும் படம் எடுத்தார். மறுநாள் படத்தின் கீழே "வெள்ளவத்தையில் பழைய இரும்பு வியாபாரி ஒருவர்" என்று வந்தது. கடிதம் எழுதினேன். பதில் இல்லை. மீண்டும் எழுதினேன். அதுவும் வரவில்லை. அதே கிழமை, ஒரு பிரமுகர் வீட்டுத் திருமணப் படத்தில் பெயர் மாறியதற்குக் கட்டம் கட்டி வருத்தம் தெரிவித்திருந்தீர்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பழக வரும் பையன்கள் இல்லை. கடைசியாக வந்தவன் ஆறு மாதத்தில் கட்டாருக்குப் போய்விட்டான்; என் மகனுக்கும் இதில் நாட்டமில்லை. எனக்குப் பிறகு இந்தத் தெருவில் யார் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அதற்காக, இருக்கும்போதே இல்லையென்று அச்சடிப்பதா?

தங்கள் தொழிலிலும் திருத்தம் என்று ஒன்று உண்டல்லவா. வரும் ஞாயிறு இதழில், இராசிபலனுக்குக் கீழே என்றாலும் சரி, இரண்டு வரி போடுங்கள்: திருத்துகிறவர்கள் இன்னும் கொழும்பில் இருக்கிறார்கள் என்று ஒன்று, 2022 இல் படத்தில் இருந்தவர் பழைய இரும்பு வியாபாரி அல்லர் என்று ஒன்று. இடம் போதாவிட்டால் இரண்டாவது வரி மட்டும் போதும்.

இப்படிக்கு,
மின்சாதனம் திருத்துபவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.

பின்குறிப்பு: கட்டுரையாளர் நேரில் வந்து பார்க்க விரும்பினால் வரலாம். போயா (பௌர்ணமி) தினங்களில் கடை பூட்டியிருக்கும்.