மூக்குத்தி விளக்கு

குடியாத்தம்,
சித்திரை 20

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். வெயில் மண்டையைப் பிளக்கிறது. நேற்று மத்தியானம் கடையில் கரண்ட் போய், ரெண்டு மணி நேரம் விசிறிமட்டையோடு உட்கார்ந்திருந்தேன்.

வீடியோ காலில் பாப்பா "தாத்தா, அம்மன் மூக்குத்தி செத்துப்போச்சு" என்று அழுதது இன்னும் காதிலேயே இருக்கிறது. புனேவில் பிறந்த பிள்ளை அட்டையில் கெங்கையம்மன் சிரசு செய்து, மஞ்சள் பூசி, மூக்கில் சிவப்பு எல்இடி வைக்கிறாள் என்றால் அது நீ சொல்லிக்கொடுத்த கதைதானே. கேட்டுச் சந்தோஷப்பட்டேன். ஆனால் அந்த 9 வோல்ட் பேட்டரியை நேரே அதன் காலில் தொட்டாயே, கடைக்காரன் மகள் செய்கிற வேலையா அது? சிவப்பு ஒரு நொடி ஆரஞ்சாக மாறி 'டப்' என்று அணைந்தது என்றாய். அப்படித்தான் போகும். இந்த எல்இடிக்குப் போதும் என்று சொல்லத் தெரியாது. நாம்தான் கரண்டைக் கட்டுப்படுத்தி அனுப்ப வேண்டும்.

போனில் சொன்னால் பாதி காற்றில் போய்விடும், அதனால் எழுதுகிறேன். 9 வோல்ட்டை ஓரமாக வை. ரெண்டு பென்சில் செல் போதும், ஒன்றின் மூக்கு இன்னொன்றின் அடியில் படும்படி. பழைய காலண்டர் தாளை இறுக்கமாகச் சுருட்டி அதற்குள் ரெண்டையும் தள்ளி, இரண்டு முனையிலும் ஒயரை வைத்து ரப்பர் பேண்டை நெடுக்கே மாட்டினால் அதுவே ஹோல்டர். மொத்தம் 3 வோல்ட். சிவப்பு எல்இடி எடுத்துக்கொள்வது சுமார் 2 வோல்ட். மீதி 1 வோல்ட்டை, கரண்டைக் குறைக்க எல்இடியின் ஒரு காலோடு கோர்க்கிற 100 ஓம் ரெசிஸ்டர் தாங்கிக்கொள்ளும், ஓடுவது 10 மில்லியாம்ப். மூக்குத்திக்கு அது தாராளம். நல்ல அல்கலைன் செல்லாக வாங்கினால் திருவிழா முடிகிறவரை ராத்திரி ராத்திரி எரிய விடலாம். நீளமான கால் பிளஸ். காலை வெட்டிவிட்டால் விளிம்பைத் தடவிப் பார், ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், அது மைனஸ். மாற்றிக் கொடுத்தால் எரியாது, அவ்வளவுதான். இந்த 3 வோல்ட்டில் ஒன்றும் கெட்டுப்போகாது. அதனால் பாப்பா மாற்றி வைத்தால் நீ கையைப் பிடித்து இழுக்காதே, அவளே திருப்பிப் பார்க்கட்டும்.

சுவிட்சுக்குக் கடைக்குப் போகாதே. தீப்பெட்டி ஊர்ப் பிள்ளைக்குத் தீப்பெட்டிதான் சுவிட்ச். மேல்கூட்டின் உள்பக்கம், ஒரு ஓரத்தில், ரெண்டு ஒயர் முனையை வெறும் செம்பாக அரை விரல் இடைவெளியில் ஒட்டு. உள்பெட்டியின் முனையில் சமையல் ஃபாயில் தாளைச் சுற்று. பெட்டியைத் தள்ளினால் ஃபாயில் ரெண்டு ஒயரையும் தொடும், மூக்குத்தி எரியும். இழுத்தால் அணையும். ஃபாயிலில் ஈயம் பிடிக்காது, சால்டரிங் செய்யப் பார்க்காதே. அழுத்தித் தொட்டால் போதும்.

கண்ணுக்கு வெள்ளை எல்இடி வேண்டுமாம் பாப்பாவுக்கு. அது கொஞ்சம் வம்பு. வெள்ளைக்கு 3 வோல்ட் அளவுக்கு வேண்டும், ஏனென்றால் உள்ளே இருப்பது நீலம், மேலே மஞ்சள் பூச்சு, ரெண்டும் கலந்துதான் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. சிவப்பையும் வெள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் போட்டால் சிவப்பு மட்டும் எரியும், வெள்ளை முழிக்கும். செல்லை மூன்றாக்கி 4.5 வோல்ட் எடு. சிவப்புக்கு 220 ஓம், வெள்ளை ஒவ்வொன்றுக்கும் 150 ஓம், தனித்தனியாக.

செல் சின்னதாக இருக்கட்டும் என்று பட்டன் செல் வாங்கிவிடாதே. சின்னவனுக்கு ரெண்டு வயதுதான், கைக்குக் கிடைத்ததெல்லாம் வாய்க்குள் போகிறது. தொண்டைக்குழாயில் மாட்டினால் எச்சில் ஈரத்திலேயே கரண்ட் ஓடி, காரம் உண்டாகி, ரெண்டு மணி நேரத்துக்குள் சதையை அரித்துவிடும். விழுங்கிவிட்டானோ என்று சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே எடுக்க ஓட வேண்டியதுதான். இதில் மட்டும் அப்பா பேச்சுக்கு எதிர்ப்பேச்சு வேண்டாம்.

ரெசிஸ்டர் என்றதும் ஒன்று. 1998 திருவிழாவுக்குக் கடையில் அம்மன் படத்தைச் சுற்றி விளக்கு வைத்தோமே, நினைவிருக்கிறதா? 12 வோல்ட் பேட்டரியில் ஒவ்வொரு எல்இடிக்கும் 1000 ஓம் என்று கணக்கு. நீ ஸ்டூல் மேல் ஏறி நின்று எல்லாவற்றையும் முறுக்கினாய். சுவிட்சைப் போட்டதும் வரிசையாகச் செத்தன. ஊர் ஜனம் முன்னால் "கையில் என்ன புத்தியா இருக்கு" என்று உன்னைத்தான் கத்தினேன். ராத்திரி நீ சாப்பிடாமல் படுத்தாய்.

மறுநாள் காலை வெளிச்சத்தில் மிச்ச ரெசிஸ்டரை எடுத்து, ஓம் எவ்வளவு என்று சொல்கிற நிறக்கோடுகளைப் பார்த்தேன். பழுப்பு, கருப்பு, பழுப்பு. 100 ஓம். மூன்றாவது கோடு சிவப்பாக இருந்தால்தான் 1000. சாயங்காலம் மங்கல் பல்பில் டப்பா மாற்றி எடுத்துக்கொடுத்தது நான். 10 மில்லியாம்ப் போக வேண்டிய இடத்தில் 100 போயிருக்கிறது. நீ ஒரு ஒயரைக்கூடத் தப்பாக முறுக்கவில்லை. இதை உன்னிடம் சொல்லவே இல்லை. அம்மாவுக்கும் இப்போது, இதை எழுதும்போதுதான் சொன்னேன். "இத்தனை வருஷமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

வைகாசி 1 அம்மன் சிரசு ஊர்வலம். தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து கிளம்பும்போது உனக்கு வீடியோ போடச் சொல்லிப் பக்கத்துக் கடைப் பையனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அந்த நேரத்துக்குப் பாப்பா அவள் அம்மனை எரிய வைத்துக்கொண்டு உட்காரட்டும்.

இத்துடன் சிவப்பு பத்து, வெள்ளை ஆறு வைத்திருக்கிறேன். ரெசிஸ்டர்களை அட்டையில் டேப் போட்டு ஒட்டி, பக்கத்தில் பேனாவால் ஓம் எழுதியிருக்கிறேன். நிறத்தை நம்பவில்லை, ஒவ்வொன்றையும் மீட்டரில் அளந்துதான் எழுதினேன்.

அன்புடன்,
அப்பா