பழைய டெர்மினல் குறிகளும் புதிய நூலகங்களும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உரையை அட்டவணையாக அடுக்கித் தரும் மென்பொருள் நூலகங்கள் (பிற நிரல்கள் எடுத்தாளும் ஆயத்த நிரல் தொகுப்புகள்) சில, எழுத்துக்கு நிறம் தரும் குறிகளை மட்டும் நீக்கிவிட்டு, ஓர் எழுத்தை இட்டு, பேக்ஸ்பேஸால் ஓரிடம் பின்னகர்ந்து, அதே எழுத்தை மீண்டும் இட்டுத் தடிப்பாக்கும் அச்சுப்பொறிக் காலத்து முறையைக் கண்டுகொள்வதில்லை. திரையில் ஓர் எழுத்துக் கட்டத்துக்குரியது மூன்றாக எண்ணப்பட்டு, பத்திகள் கோணலாகின்றன. அது அழகுக் குறைதான்.

1978-இல் வந்த விடி100 என்ற டெர்மினலின் (கணினியோடு எழுத்து வடிவில் உரையாடும் திரை) கட்டளைகளோ இன்றும் புழங்குகின்றன. 27 என்ற எண்ணுக்குரிய எஸ்கேப் குறியில் தொடங்கும் அவற்றில் கர்சரை நகர்த்துவதும் திரையைத் துடைப்பதும் உண்டு என்பதால், வெளியார் அனுப்பிய உரை வடிகட்டப்படாமல், கணினி நிகழ்வுகளைப் பதியும் லாக் கோப்பில் ஏறினால், அதை டெர்மினலில் திறப்பவரின் கண்ணிலிருந்து சில வரிகளையே மறைத்துவிட முடியும். இவற்றை முறையாகப் பிரித்தறியும் நிரலை, பெங்களூருவில் இத்துறையில் இருக்கும் நம்மவர்கள் முன்வந்து எழுதித் தரலாம்.

வாசகர்,
அல்சூர், பெங்களூரு