எடைக் கொட்டகைக்குப் புத்தகங்கள் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரியவர்களிடம் வாசிப்புப் பழக்கம் அற்றுப்போனதற்குக் கைப்பேசியே காரணம் என்று பலரும் எழுதி வருகிறார்கள். கோத்தகிரி வட்டாரத்தில் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்று, எட்டு ஆண்டுகளாக ஊர்க் கிளை நூலகத்துக்குப் போய்வருபவன் என்ற முறையில், இதை அப்படியே ஏற்க எனக்கு மனம் வரவில்லை. கைப்பேசி வருவதற்கு முன்பும் இங்கே ஒருவர் என்ன படிப்பார் என்பதை, அவருடைய ரசனையைவிட வேலை முடியும் நேரமும் கைக்கெட்டும் அலமாரியுமே முடிவு செய்தன.

எங்கள் நூலகம் மாலை ஆறரைக்கு மூடப்படுகிறது. கொழுந்து பறிக்கும் பெண்கள் இலையை எடை போட்டுவிட்டு வீடு சேரவே ஐந்தரை ஆகிவிடும். அதன் பிறகுதான் அடுப்பு மூட்ட வேண்டும். இருட்டியபின் காட்டெருமையும் கரடியும் நடமாடும் பாதையில் ஒரு நாவலுக்காக யார் நடந்து வருவார்? அதற்காக அவர்கள் படிக்காமல் இல்லை. ஒரே மாத நாவல், தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளில் ஐந்தாறு கை மாறி, அட்டை கழன்று, விறகுப் புகை வாசனையோடு திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். ஏன் அதையே படிக்கிறீர்கள் என்று ஓர் அம்மாவிடம் கேட்டேன். "ரெண்டு ராத்திரியில முடிஞ்சிருங்க, தொலைஞ்சாலும் யாரும் அபராதம் கேக்க மாட்டாங்க" என்றார். மட்டமான ரசனை என்று நாம் முகம் சுளிப்பதில் பாதி இந்தக் கணக்குதான்.

நூலகத்துக்குள் வந்துவிட்டவர்களுக்கும் வழி எளிதாக இல்லை. முன்வரிசை அலமாரிகள் முழுவதும் போட்டித் தேர்வு நூல்கள். இளைஞர்களுக்கு அவை வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் கதை நூல்கள் பின்சுவரோரம் கீழ்த்தட்டுக்குப் போய்விட்டன. முழங்கால் வலிக்காரனான நான் குனிந்து தேடுவதை விட்டு வெகு நாளாயிற்று. ஐப்பசி மழை முடிந்ததும் அந்தத் தட்டில் உள்ள நூல்களின் முதுகில் பூஞ்சணம் படர்ந்திருக்கும். 2022இல் ஐந்து பாகச் சரித்திர நாவல் ஒன்று திரைப்படமாக வந்தபோது, பல ஆண்டுகளாக நூலகப் பக்கமே வராதவர்கள்கூட அதைக் கேட்டு வந்தார்கள். முதல் பாகத்தின் தேதிச் சீட்டில் மறு கோடைக்குள் ஒன்பது முத்திரைகள், இரண்டாம் பாகத்தில் ஏழு. மூன்றாம் பாகம் எங்கள் நூலகத்தில் இல்லவே இல்லை. நான்காம் பாகத்தில் ஒரு முத்திரைகூட விழவில்லை. இதையும் கைப்பேசியின் கணக்கிலேயே எழுதிவிட முடியுமா?

வீட்டு வரியோடு ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரியை நாங்களும் செலுத்துகிறோம். 1931இலேயே மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். அதைத் தொடங்கிவைத்தவர் நூலக அறிஞர் எஸ்.ஆர். அரங்கநாதன். எங்கள் மலைப்பாதைக்கு மாட்டுவண்டி ஒத்துவராதுதான். வாரம் ஒரு மாலை, இலை எடை போடும் நேரத்தில் கொட்டகைக்கு ஒரு ஜீப்பில் இரண்டு பெட்டி நூல்கள் வந்தால்கூடப் போதும். நனையாமல் மூடத் தார்ப்பாய் ஒன்றும், கண் மங்கியவர்களுக்காகப் பெரிய எழுத்து நூல்கள் சிலவும் இருக்கட்டும். அந்த மூன்றாம் பாகத்தை முதல் பெட்டியிலேயே வைத்து அனுப்புமாறு நூலகத் துறையைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நூலக உறுப்பினர் ஒருவர்,
கோத்தகிரி வட்டம், நீலகிரி மாவட்டம்