ஏணிக்குக் கீழே நிற்பவர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இதழில் லோகோக்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மதுரையில் முப்பது வருஷம் கடைகளுக்கு போர்டு எழுதியவன் நான். ஃபிளெக்ஸ் வந்து தூரிகையை ஓரமாக வைத்தவர்களில் ஒருவன்.

போன வருஷம் என் மகளும் தோழிகளுமாக, படம், கதை, கோலம் எதையும் போட்டுப் பகிர்ந்துகொள்ள ஒரு செயலி தொடங்கினார்கள். வெளியே கொடுத்துச் செய்த லோகோ வந்தது. பேனா, அதன் முனையில் குண்டு பல்பு, சுற்றிலும் ஏழு நிறம், கீழே ஆங்கிலத்தில் பெயர். தமிழிலும் வேண்டும் என்றதற்கு, முக்தா மலர் எழுத்துருவில் அடித்து ஆங்கிலத்தின் உயரத்துக்கு நசுக்கிக் கொடுத்துவிட்டார்கள். எழுத்துருவின் மேல் குற்றமில்லை. மும்பை ஏக் டைப் குழுவினர் செய்தது, யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். நசுக்கினால் எந்த எழுத்துதான் தாங்கும்?

பெயரில் ஒரு ழகரம். கைபேசியில் விரல்நகம் அளவுக்குச் சுருங்கியதும் சுழியும் வாலும் ஒட்டிக்கொண்டு மைப்பொட்டாகிவிட்டது. கணினியில் பக்கத்தின் தலைப்போரம் வரும் சின்னத்துக்கோ 16 புள்ளி அகலம்தான் கிடைக்கும். அதில் பல்பு ஏது, பேனா ஏது?

எங்களுக்கு இது பழைய தொல்லை. ண, ஞ, ழ வந்தால் கோட்டை ஒரு நூல் மெலித்து, உள்ளே வெளிச்சம் விடுவோம். சார்ட் பேப்பரில் ழ மட்டும் அப்படி எழுதிக் கொடுத்தேன், ஒரே நிறத்தில். "டல்லா இருக்குப்பா" என்றாள் மகள். பக்கத்தில் வரப்போவதெல்லாம் நிறம் நிறமாகப் படங்கள், அவற்றோடு லோகோ ஏன் மல்லுக்கட்ட வேண்டும் என்றேன். அரைமனதாகத்தான் தலையாட்டினாள்.

கடைக்கு எழுதும்போது முதலாளி ஏணிக்குக் கீழே நின்று, "அண்ணே, அந்த வளைவை இன்னும் கொஞ்சம் இழுங்க" என்பார். இங்கே முதலாளி, படம் போடுகிறவர்கள். 2000இல் தொடங்கிய டீவியண்ட்ஆர்ட் தளம் 2014 டிசம்பரில் லோகோவை மாற்றியபோது, அங்கே படம் போடுபவர்கள் பலர் கொதித்துப்போனார்கள். வேறொரு நிறுவனத்தின் சின்னம் மாதிரியே இருக்கிறது என்ற பேச்சு வேறு.

அதனால் என் ழகரத்தை, செயலியில் முதலில் சேர்ந்த சிலருக்கு அனுப்பச் சொன்னேன். கோலம் போடும் ஒரு அம்மா அதை வாசலில் மாவால் இழுத்துப் பார்த்துப் படம் அனுப்பினார். வால் அவர் கையில் இடப்பக்கம் நீண்டு, லேசாக மேலே ஏறியிருந்தது. என்னுடையதைவிட நன்றாக இருந்தது. இப்போது செயலியில் இருப்பது அந்த வால்தான்.

உங்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் இதழின் செயலிச் சின்னத்திலும் ஒரு சுழி அடைத்துக்கொண்டு தெரிகிறது. கொஞ்சம் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய போர்டு ஓவியர்,
மதுரை